பரீட்சைக்குக் குடித்த பால்

அன்பு மகனுக்கு,

உன் கார்டு நேற்றுக் கிடைத்தது. நம் சந்துக்கு இப்போது வரும் தபால்காரர் அதை என் கையில் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்தார். அவரும் நம்ம பக்கத்து ஆள்தானே, தமிழ் தெரியும். படித்துவிட்டார் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏலே, ஆயுசு முழுக்கத் தபால் பை சுமந்தவன் பெற்ற பிள்ளை நீ. கார்டில் எழுதினால் வழியில் நாலு பேர் கண்ணில் படும் என்பதை உனக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா? நானே இந்த பம்பாயில் எத்தனை கார்டு படித்திருக்கிறேன்! 'பென்ஷனைக் கட்டிக்கொண்டு நன்றாக இருங்கள், பேத்தியைவிட அதுதான் உங்களுக்குப் பெரிது' என்று அப்பனுக்கு எழுதுகிறவன் அதை ஒரு கவரில் போட்டு ஒட்டியிருக்கக் கூடாதா? கோபம் வந்தால் காசு பார்க்கக் கூடாது, கவர் வாங்க வேண்டும். நான் கவரில்தான் போடுகிறேன். ஒட்டுவதற்கு முன் இசக்கிக்குப் படித்துக் காட்டுவேன். உன் பெண்டாட்டிக்குத் தெரியாத எதுவும் இதில் இல்லை.

உன் எண்ணத்தில் குற்றம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பென்ஷனில் ஒரு பங்கை ஆயுசுக்கும் விட்டுக்கொடுத்துவிட்டால், அதற்கு ஈடாக சர்க்கார் மொத்தமாக ஒரு தொகை கொடுக்கும். அதைக் கொண்டுபோய் வீட்டுக்காரனுக்குப் பகடி என்கிற முன்பணமாகக் கட்டினால் மாதுங்காவில் ஒரு அறை பிடித்துவிடலாம். தாராவியின் தோல் நாற்றமும் கழிமுகச் சேறும் இல்லாமல் வள்ளி நல்ல காற்றில் வளர்வாள். இதுதானே உன் கணக்கு? உன் மகளுக்காகத்தான் கேட்கிறாய். தேவ்லாலியில் பட்டாளத்து ஸ்டோரில் மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு, மகளுக்கு ஜன்னல் உள்ள அறை வேண்டும் என்று நினைக்கிறவனை நான் எப்படிக் குறை சொல்வேன்? பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கையெழுத்துப் போட மாட்டேன். ஏன் என்று முழுசாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. பாதியில் மடித்துத் தலையணைக்கு அடியில் வைக்கிற பழக்கம் உனக்கு உண்டு.

நம் சந்தில் எல்லோரும் தோல் கிடங்கில் உழைக்கிறவர்கள். கை ஓய்ந்தால் வருமானம் ஓய்ந்துவிடும். உட்கார்ந்த இடத்தில் மாசம் பிறந்தால் பணம் வாங்குகிறவன் நான் ஒருவன்தான். அதனால் எனக்குப் பேரே போய்விட்டது. எல்லோருக்கும் நான் பென்சன்காரர். அந்தப் பேர் எனக்குப் பிடித்திருக்கிறது, அதை ஏன் மறைக்க வேண்டும்? முதல் தேதி வந்தால் காக்கிக் கோட்டைப் போட்டு, பொத்தான்களைத் துடைத்து, வள்ளியைக் கையில் பிடித்துக்கொண்டு பணம் வாங்கப் போவேன். ஆளை நேரில் பார்த்தால்தான் கொடுப்பார்கள். குமாஸ்தா தலை தூக்கி, "ஜிந்தா ஹோ?" என்று கேட்பார். உயிரோடுதான் இருக்கிறாயா என்று விளையாட்டாகத்தான் கேட்பார். வள்ளி எனக்கு முந்திக்கொண்டு, "ஜிந்தா ஹை!" என்று கத்துவாள். வருகிற வழியில் தாதரில் எருமைத் தொழுவத்துக்கு, அந்தத் தபேலாவுக்குப் போய், அந்த மாசத்துப் பாலுக்கு முன்பணம் கொடுத்துவிடுவேன். அந்தப் பால் அவளுக்குத்தான். அவள் பிறந்தபோது எப்படி இருந்தாள் என்று உனக்குத் தெரியும். மழைக்காலத்தில் பிறந்து, ஈரத் துணி மாதிரி கையில் தொங்கினாள். அவள் எழுந்து நின்றது, ஓடியது, தெருவையே ரெண்டாக்கியது எல்லாம் பென்ஷன் பாலில்தான். சண்டை வந்து அரிசிக்கு ரேஷன் வந்து, கோதுமையும் கம்பும் தின்னப் பழகின காலத்திலும் அந்தப் பாலை நான் நிறுத்தவில்லை. இதை நான் மார்தட்டித்தான் சொல்வேன்.

அப்புறம்தான் உன் யோசனை வந்தது. பென்ஷனை மொத்தப் பணமாக்க வேண்டுமென்றால் சர்க்கார் டாக்டர் என்னைச் சோதிக்க வேண்டும். ஆள் திடமாக இருந்தால் கேட்டது கிடைக்கும். சீக்காளியாக இருந்தால் குறைத்துவிடுவார்கள், இல்லை, முடியாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நீ இசக்கிக்கு எழுதினாய், 'அப்பாவை நன்றாகக் கவனித்துக்கொள், பாலும் முட்டையும் தவறாமல் கொடு' என்று. நல்ல மனசோடுதான் எழுதினாய். இந்தப் பஞ்ச காலத்தில் இன்னொரு செம்புப் பால் எங்கிருந்து வரும் என்று தேவ்லாலியில் இருக்கிற உனக்கு எப்படித் தெரியும்? இசக்கி அதைக் கேட்டு உனக்குத் திருப்பி எழுதவும் இல்லை. புருஷன் எழுதியதை அவள் அப்படியே செய்தாள். வள்ளிக்கு வந்துகொண்டிருந்த பால் எனக்கு வர ஆரம்பித்தது.

முதல் நாளே கேட்டேன். "பிள்ளைக்கு?" என்றேன். "அவ குடிச்சாச்சு மாமா, நீங்க குடிங்க. அவிய ஒவ்வொரு கார்டுலயும் கேக்காவ" என்றாள். நான் நம்பினேன். நம்புவதற்கு வசதியாகவும் இருந்தது. உன் அம்மா போனபிறகு எனக்கென்று யாரும் பாலைச் சுண்டக் காய்ச்சித் தந்ததில்லை. அதைவிட, கொண்டுவந்து கொடுத்தது யார் தெரியுமா? உன் மகள். ரெண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, சிந்தாமல் நடந்து வருவாள். "தாத்தா, குடிங்க. பரீட்சையில பாஸாவணும்" என்பாள். நான் குடித்து முடிக்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். முடித்ததும் டம்ளரைக் கவிழ்த்துப் பார்ப்பாள். அப்படி ஒரு வாத்தியாரம்மா! பக்கத்து வீட்டுச் சுடலைமுத்து இதையெல்லாம் பார்த்துவிட்டு, "வே பென்சன்காரரே, சந்தைக்குப் போற கிடாய்க்குக்கூட இம்புட்டுத் தீனி கிடையாதுவே" என்று கேலி செய்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவள் டம்ளரைச் சிந்த ஆரம்பித்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் வாசல் நிலையில் இடித்துக்கொள்வாள். அடுப்பங்கரைக்குப் போகச் சுவரைத் தடவிக்கொண்டு போவாள். "கண்ணு எங்கடி இருக்கு, பிடதியிலயா?" என்று இசக்கி ஒரு தடவை முதுகில் ஒன்று வைத்தாள். எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? ஊரே இருட்டில் கிடக்கிறது. தெருவிளக்குக்கெல்லாம் கறுப்புத் தொப்பி மாட்டியிருக்கிறார்கள். ஜன்னலில் கறுப்புக் காகிதம், ராந்தல் மேல் துணி. ஆகாய விமானத்துக்குப் பயந்து பம்பாய் முழுக்கத் தடவிக்கொண்டுதான் நடக்கிறது. சுடலைமுத்தே ஒருநாள் எருமை மேல் மோதிவிட்டு அதனிடம் மன்னிப்புக் கேட்டான். இந்தக் கூட்டத்தில் ஒரு சின்னப் பிள்ளை தடுமாறுவதை யார் தனியாகக் கண்டுபிடிக்க முடியும்?

அந்தச் சமயத்தில்தான் நீ லீவில் வந்தாய். அந்தச் சாயங்காலத்தை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். குழாயடி மூலையில் நீ பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பேசாதீர்கள் என்று எனக்குச் சைகை காட்டினாய். அவளாக உன்னைக் கண்டுபிடித்து ஓடிவர வேண்டும் என்று உனக்கு ஆசை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரெண்டு கையையும் விரித்தாய். அவள் சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். உன் விரலுக்கும் அவள் பாவாடைக்கும் ஒரு சாண்கூட இல்லை. நின்றாள், ஒதுங்கினாள், உன்னைத் தாண்டி, "தாத்தா, எங்க இருக்கீய?" என்று என் குரல் வரும் பக்கம் வந்துவிட்டாள். உன் கை விரித்தபடியே இருந்தது. அப்புறம் நீ எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "மறந்துட்டா, என்னை மறந்தே போயிட்டா" என்று சிரித்தாய். அது சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். மறுநாள் விடியுமுன்னே, அவள் எழுந்திருக்குமுன், வண்டி ஏறிவிட்டாய். தேவ்லாலிக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் கார்டில், அறை பிடித்தே ஆக வேண்டும், எப்படியாவது பம்பாய்க்கு மாற்றிக்கொண்டு வந்து மகளோடு இருக்க வேண்டும் என்று எழுதினாய். அதிலிருந்து ஒவ்வொரு கார்டிலும் அதே பேச்சுத்தான்.

டாக்டர் பரிசோதனைக்கு வள்ளியும் வந்தாள். அவள் இல்லாமல் நான் பாஸாவேனா? டாக்டர் மராட்டிக்காரர், வயதானவர், அவசரப்படாத மனிதர். நெஞ்சில் குழாய் வைத்தார், முதுகில் தட்டினார், அங்கேயும் இங்கேயும் நடக்கச் சொன்னார். பல்லைப் பார்த்தார். தபால் பையோடு படி ஏறி இறங்கிய கால், எங்கே போகும்? "பாபா, உனக்கு வயது ஏறவே இல்லையே! என்ன சாப்பிடுகிறாய்?" என்று ஹிந்தியில் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் வள்ளி சொன்னாள், பால், முட்டை, ரெண்டும் தாத்தாவுக்கு என்று. "உனக்கு?" என்றார். "எனக்கு எதுக்கு? எனக்குப் பரீட்சை இல்லையே" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் எவ்வளவு பெருமை தெரியுமா? என்னை வளர்த்து ஆளாக்கிக் கொண்டுவந்து நிறுத்தியவள் மாதிரி நின்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. என்னை விட்டுவிட்டு அவளை மேஜை மேல் தூக்கி உட்கார வைத்து, இமையை இழுத்துப் பார்த்தார். கருவிழி ஓரத்தில் சோப்பு நுரை காய்ந்த மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. தினமும் அந்த முகத்தைத்தான் பார்க்கிறேன், அதை நான் பார்த்ததில்லை. "ஷாம் கோ திக்தா ஹை, பேட்டி?" என்று கேட்டார், சாயங்காலத்தில் கண் தெரிகிறதா என்று. "ஷாம் கோ கிஸ்கோ பி நஹி திக்தா. லடாய் ஹை நா!" என்றாள். சாயங்காலம் யாருக்குத்தான் தெரியும், சண்டை நடக்கிறதே என்கிறாள்! கண் போய்க்கொண்டிருந்த பிள்ளை, ஊருக்கே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு, அழாமல், ஒரு வார்த்தை புகார் சொல்லாமல் இருட்டில் எனக்குப் பால் சுமந்திருக்கிறது. மாலைக்கண் என்றார் டாக்டர். இப்படியே விட்டால் பகலிலும் தெரியாமல் போய்விடும், இப்போதே பிடித்தால் முழுசாகத் திரும்பிவிடும் என்றார். என் காகிதத்தில், ஆள் பூரண திடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை வாங்கி நான் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, திடம் என்று எழுதியதை மாற்றி எழுதட்டுமா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் இசக்கி அடுப்பு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அவிய சொன்னாவளேன்னு செஞ்சேன் மாமா. எம் பிள்ள வாயிலேர்ந்து பிடுங்கி ஊத்திட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "நீ ஊத்துன, நான் குடிச்சேன், அவன் எழுதுனான். மூணு பேரும் அந்தப் பிள்ளைக்காகத்தான் செஞ்சோம். அழுதது போதும், எந்திரி தாயி" என்றேன். அவள் மேல் ஒரு வார்த்தை கடுமையாக எழுதாதே. அவள் முட்டை தின்று எத்தனை நாளாயிற்று என்று நானும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை.

அவள் எழுந்தாள் பார், அதுதான் உன் பெண்டாட்டி! மறுநாள் காலையில் கோலிவாடாவில் மீன்காரிகள் நடுவே நின்று, அரைகுறை மராட்டியில் சண்டை போட்டு, டாக்டர் சொன்ன சுறா ஈரல் எண்ணெய் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வாங்கிவிட்டாள். மாதுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்கீரை. ஆட்டீரல் சுடலைமுத்து பொறுப்பு. ஞாயிறுதோறும் அதை இலையில் சுற்றிக் கொண்டுவந்து, "பேத்திக்குக் குடுத்துட்டு வாசனைய மட்டும் நீரு பிடியும்வே" என்று எனக்கு எச்சரிக்கை வேறு. அந்த எண்ணெய் இருக்கிறதே, அப்பப்பா! வள்ளி முதல் நாள் என் கோட்டின் மேலேயே துப்பினாள். "தாத்தா ஒரு கரண்டி குடிச்சாத்தான் நானும் குடிப்பேன்" என்றாள். குடித்தேன். பாலைத் தினமும் குடித்தவன் இதைக் குடிக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. இப்போது டம்ளரைத் தூக்கிக்கொண்டு வருவது நான். அவள் குடித்து முடித்ததும் வாங்கிக் கவிழ்த்துப் பார்ப்பதும் நான்.

ஒருநாள் சாயங்காலம் வாசலில் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விளக்கு ஏற்றவில்லை. சுடலைமுத்து வீட்டு வாசல் எனக்கே மங்கலாகத்தான் தெரிந்தது. வள்ளி என் நெஞ்சைப் பார்த்து, "தாத்தா, ஒங்க சட்டையில ஒரு பொத்தான் இல்ல" என்றாள். அவள் விரல் பொத்தான் மேல் இல்லை, கழுத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கண்ணால் பார்த்துத்தான் சொன்னாள். "எங்க இல்ல?" என்றேன். "மேலேர்ந்து ரெண்டாவது" என்றாள். குனிந்து தடவிப் பார்த்தேன், இல்லைதான். நான் அழுதேன், சொல்வதில் என்ன வெட்கம்? அந்தச் சட்டைக்கு இன்னும் பொத்தான் வைக்கவில்லை, வைக்க விடவும் மாட்டேன்.

இப்போது நீ கேட்கிற அந்தப் பென்ஷன் காகிதத்துக்கு வருகிறேன். கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாகவே இருக்கிறது. யோசித்துப் பார். மொத்தப் பணம் ஒரு நாள் வரும், அதைப் பகடிக்காரன் மறுநாள் வாங்கிக்கொண்டு போய்விடுவான். அறை இருக்கும், காற்றும் வரும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மிச்சமிருக்கிற பென்ஷனில் தபேலாக்காரனுக்கு அடுத்த மாசம் என்ன கொடுப்பது? பிள்ளையின் உடம்பு ஒருநாள் விருந்தில் ஏறாது. இன்றைக்கும் பால், நாளைக்கும் பால், அடுத்த மாசமும் பால் என்று வந்துகொண்டே இருக்க வேண்டும். அப்படி வந்துகொண்டே இருக்கிற பணம் நம் வீட்டில் இது ஒன்றுதான். உன் சம்பளம் சண்டை இருக்கிறவரைக்கும், இல்லையென்றால் ஸ்டோர் இருக்கிறவரைக்கும். என் பென்ஷன் நான் இருக்கிறவரைக்கும். நான் இருப்பேன் என்று டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார். இவ்வளவு திடமான கிழவனைப் போய் மலிவாக விற்கப் பார்க்கிறாயே, உன்னை யார் ஸ்டோரில் வைத்தார்கள்? அறைக்காகப் பொறுத்துக்கொள். சண்டை முடியட்டும், நீ மாற்றிக்கொண்டு வா, வாடகைக்கு என்னால் ஆனதைக் கொடுக்கிறேன். நம் கையால் சேர்த்து அந்த ஜன்னலை வாங்குவோம்.

ஒன்றை மட்டும் அப்பன் சொல்வதாகக் கேட்டுக்கொள். பிள்ளைக்கு என்று ஒன்றை அனுப்பினால், அது அவள் வாய்க்குள் போவதை நின்று பார். அவளுக்காகச் சம்பாதிக்கிறோம், அவளுக்காகச் சேர்க்கிறோம் என்று நாம் மூன்று பேரும் அலைந்துகொண்டிருந்தோம். அவளைப் பார்க்க மட்டும் விட்டுவிட்டோம். உன்னைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. சம்பளத்தில் ஒரு காசு வழிதவற விடாதவன் நீ, குடி கிடையாது, சீட்டு கிடையாது, மகள் தாண்டிப் போனதற்கு ராத்திரி முழுக்கத் தூங்காதவன். அப்பனைத் திட்டிக் கார்டு போட்டதும் அவளுக்காகத்தான் என்பதால் அந்தக் கார்டையும் நான் கிழிக்கவில்லை.

இதை இசக்கிக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது வள்ளி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். குழாயடி மூலைப் பேச்சு வந்ததும் உள்ளே வந்து, "அன்னைக்கு அங்க உக்காந்திருந்தது அப்பாவா?" என்றாள். ஆமாம் என்றேன். அப்புறம், "நான் கல்லுன்னு நெனச்சேன் தாத்தா. இடிச்சிரக் கூடாதுன்னுதான் சுத்திப் போனேன். கல்லுன்னு நெனச்சுட்டேன்னு அப்பாவுக்கு எழுதிருங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

அடுத்த லீவுக்குப் பகல் வண்டியில் வராதே. சாயங்கால வண்டிக்கு வா. தெருவிளக்குகளின் கறுப்புத் தொப்பியை இன்னும் கழற்றவில்லை, சந்து அதே இருட்டுத்தான். நான் ராந்தல் எடுத்து வர மாட்டேன், அவளுக்குச் சொல்லவும் மாட்டேன். அதே குழாயடி மூலையில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அன்றைக்கு மாதிரியே கையை விரித்துக்கொண்டு உட்கார். கூப்பிடாதே. அவள் வருவாள்.

உன் அப்பா